தேகத்தின் மெல்லிய குரல்

ஆஸ்பத்திரியில் ஈ.ஸி.ஜி. எடுத்துக்கொள்ளப் படுத்திருக்கும் பெரியவர்களின் முகத்தைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். மார்பில் ஆறு, கை கால்களில் நான்கு என்று கம்பிகளை மாட்டியவுடன், "இதோ ஷாக் அடிக்கப் போகிறது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்கள். சில நிமிஷங்களுக்கெல்லாம் "ஆயிற்று, எழுந்திருங்கள்" என்ற குரல் கேட்கும். "இவ்வளவுதானா?" என்று சிறிது ஏமாற்றத்துடன்கூட எழுந்து சட்டையை மாட்டிக்கொள்வார்கள்.

அவர்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான காரியமே அங்கே நடைபெற்றது. அந்த யந்திரம் அளந்த மின்சாரம் அவர்களுடைய இருதயத்திலேயே பிறந்த மின்சாரம். ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் இருதயத் தசையில் ஒரு மின்சார அலை பரவுகிறது. அதன் சாயல் தோல் வரையில் வந்து சேருகிறது. நரம்புகளிலும் மூளையிலும் தசைகளிலும் இதே கதைதான்.

ஆனால் அந்தச் சாயல் எவ்வளவு சிறியது! டார்ச்சு விளக்கில் போடும் செல் ஒன்று 1.5 வோல்ட் தருகிறது. மார்பின் தோலில் கிடைக்கும் இருதயத்தின் மின்சாரம் சுமார் 1 மில்லி வோல்ட். அதாவது அந்தச் செல்லில் ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு. மூளையின் அலைகளோ தலையின் தோலை எட்டும்போது 10 முதல் 100 மைக்ரோ வோல்ட்தான். அதிகமாய் வைத்துக் கொண்டாலும் செல்லில் பதினையாயிரத்தில் ஒரு பங்கு. இந்தக் கிசுகிசுப்பை வைத்தியர் படிக்கத்தக்க கோடாக மாற்றுவதற்கு நடுவில் ஒரு பெருக்கி வேண்டும். பெருக்குவது மட்டும் பெரிய வித்தை அன்று. பெருக்கும்போது மிகச் சொற்ப மின்சாரத்தையே செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்துகொண்டால்தான் சங்கடம் ஆரம்பமாகிறது.

ஜிம்மியும் உப்புநீரும்

1887-ஆம் ஆண்டில் லண்டன் செயின்ட் மேரி வைத்தியசாலையைச் சேர்ந்த அகஸ்டஸ் வாலர் என்பவர் மனித இருதயத்தின் மின்சாரத்தை உடலுக்கு வெளியிலிருந்தே முதன்முதலாகப் பதிவு செய்தார். மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசமும் அமிலமும் சந்திக்கும் எல்லை துடிப்புக்குத் துடிப்பு நடுங்குவதை அவர் படம் பிடித்தார். அவருக்கு ஜிம்மி என்று ஒரு புல்டாக் நாய் உண்டு. அதன் கால்களை உப்புநீர்ப் பாத்திரங்களில் நிறுத்தி, அதன் இருதயத் துடிப்பையும் சபையோருக்குக் காட்டுவார். 1909-இல் இது பிராணிவதை ஆகாதா என்று பிரிட்டிஷ் பார்லிமெண்டில் கேள்வியே எழுந்துவிட்டது! நாய் நின்றது கொஞ்சம் உப்புக் கலந்த தண்ணீரில்தான். கடலில் கால் நனைத்தவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும் என்ற கருத்தில் மந்திரி பதில் சொன்னார்.

நம் நாட்டு ஜகதீச சந்திர போஸும் 1901-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், கிள்ளினாலும் சுட்டாலும் செடிகொடிகளும் மின்சாரத்தால் மறுமொழி சொல்கின்றன என்று காட்டி அங்கிருந்தோரை வியப்பில் ஆழ்த்தினார். அவர் கையிலும் பெருக்கி என்று ஒன்று இல்லை. நுண்ணிய கால்வனாமீட்டர்தான் இருந்தது.

பெருக்கி இல்லாத காலத்தின் கஷ்டத்தை அறிய ஹாலந்து தேசத்து லைடன் நகருக்குப் போக வேண்டும். அங்கே வில்லெம் ஐந்தோவன், வெள்ளி பூசிய படிகக் கல் இழை ஒன்றைப் பலமான காந்தத்தின் நடுவே தொங்கவிட்டு, இருதயத்தின் மின்னோட்டம் அதில் பாயும்போது இழை அசைவதை நிழலாக விழச் செய்தார். அபாரமான துல்லியம். ஆனால் யந்திரத்தின் எடை சுமார் 270 கிலோ. இயக்குவதற்கு ஐந்து பேர். காந்தம் சூடேறாமல் இருக்கக் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நோயாளியை அங்கே கொண்டுவருவது கடினமாதலால் 1905-இல் அவர் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்திலிருந்த ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் கம்பி இழுத்து, நோயாளி அங்கேயும் யந்திரம் இங்கேயுமாக வேலையை முடித்தார். 1924-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

ஏன் அத்தனை பாரம்? இழையை அசைக்க வேண்டிய சக்தி முழுவதும் நோயாளியின் இருதயத்திலிருந்தே வர வேண்டியிருந்தது. அந்த அற்ப மின்னோட்டத்தால் இழை அசைய வேண்டுமானால் காந்தம் பூதாகாரமாக இருந்தாக வேண்டும். பின்னர் ரேடியோவுக்காகப் பிறந்த வால்வுப் பெருக்கி வந்தது. 1920-களில் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஒற்றை நரம்பிழையின் துடிப்புகளைக்கூடப் பதிவு செய்தார். ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் அலைகளைப் பதிந்து, 1929-இல் வெளியிட்டார்.

வால்வு வந்ததால் காந்தம் போயிற்று. அதற்குப் பதிலாகப் பேட்டரி வந்து உட்கார்ந்துகொண்டது. அமெரிக்காவில் நார்மன் ஹோல்டர் என்பவர், மனிதன் நடமாடிக்கொண்டிருக்கும்போதே இருதயத்தைக் கவனிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, 1940-களின் பிற்பகுதியில் ஒரு கருவி செய்தார். முதுகில் சுமக்க வேண்டிய அந்த மூட்டையின் எடை சுமார் 38 கிலோ! அதைச் சுமந்துகொண்டு நடப்பவனுடைய இருதயம் இயல்பாகத் துடிக்குமா என்பது வேறு விஷயம்.

நாணயம் போன்ற ஒரு செல்

மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை திடீரென்று மயங்கி விழும் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். வைத்தியரிடம் போய்ப் படுக்கும்போது அவருடைய இருதயம் சாதுவாக நடந்துகொள்ளும். சாட்சி இருக்கும்போது திருடன் யோக்கியனாக இருப்பது போலத்தான். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமானால் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் கூடவே காத்திருக்க வேண்டும். இதற்காக மார்புத் தோலுக்கடியில் வைத்துத் தைக்கும் பதிவுக் கருவிகள் இப்போது இருக்கின்றன. ஒரு கன சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான பருமனே உடைய கருவி மூன்று வருஷம் உழைக்கிறது. ஹோல்டரின் மூட்டை அதற்குள் அடங்கிவிட்டது.

கைக்கடிகாரத்திலும் கணக்கிடும் யந்திரத்திலும் போடும் நாணயம் போன்ற செல்லை நேயர்கள் பார்த்திருப்பார்கள். சி.ஆர். 2032 என்று அதன் மேல் பொறித்திருக்கும். அதில் அடங்கிய மின்சாரம் சுமார் 225 மில்லி ஆம்பியர்-மணி. ஒரு பெருக்கி 1 மில்லி ஆம்பியர் குடிக்குமானால் 225 மணி நேரத்தில், அதாவது ஒன்பதே நாளில், செல் தீர்ந்துவிடும். 1 மைக்ரோ ஆம்பியர் மட்டும் குடிக்கும் பெருக்கியானால்? கணக்குப்படி இருபத்தைந்து ஆண்டு. செல்லே அதற்கு முன்னால் மூப்படைந்து போகும். இந்தக் கணக்கை நான் பத்தாம் வகுப்பு மாணாக்கரிடம் போடச் சொல்வதுண்டு. விடையைக் கண்டதும் பாதிப் பேர் தசம புள்ளியைத் தவறான இடத்தில் வைத்துவிட்டதாக எண்ணி அழித்துவிடுவார்கள்!

மூளையின் விஷயத்தில் செல்லின் ஆயுள் மட்டுமன்று, உஷ்ணமும் பிரச்சினையாகிறது. முதுகுத்தண்டு அடிபட்டுக் கை கால் அசைவற்றுப் போன ஓர் இளைஞர், மூளையில் பதித்த 96 மின்முனைகளின் மூலம், நினைத்த மாத்திரத்தில் கணினித் திரையிலுள்ள குறியை நகர்த்தினார் என்ற செய்தி 2006-இல் வெளியாயிற்று. அதிசயந்தான். ஆனால் அந்த மின்முனைகளின் கம்பிகள் மண்டையோட்டில் பொருத்திய ஒரு முளையின் வழியாக வெளியே வந்து, அங்கிருந்து கேபிள் மூலம் பெரிய யந்திரங்களோடு இணைக்கப்பட்டிருந்தன. தோலில் அப்படி நிரந்தரமாக ஒரு வாயில் இருந்தால் விஷக்கிருமி நுழைய வழியாகும். பெருக்கியையே உள்ளே வைத்து மூடிவிடலாம் அல்லவா? வைக்கலாம், ஆனால் செலவழியும் மின்சாரம் அத்தனையும் உஷ்ணமாகும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 80 மில்லி வாட் வீதம் உஷ்ணம் பாய்ந்தால் தசை செத்துப் போகக்கூடும் என்று பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. மூளையோ அதைவிட மெல்லியது.

குளறுபடி செய்யும் மூவர்

இனிப் பெருக்கியை வடிவமைப்பவரின் மேஜைக்குப் போவோம். அவருக்கு எதிரிகள் மூவர்.

முதலாவது எதிரி வீட்டுச் சுவருக்குள்ளேயே இருக்கிறான். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக அலைகிறது. சுற்றிலும் ஓடும் மின்விசிறியும் விளக்கும் நம் தேகத்தை ஒரு ஏரியல் கம்பியாக்கி, இருதயத்தின் ஒரு மில்லி வோல்ட்டை மூழ்கடிக்கும் அளவுக்கு மின்னழுத்தத்தை அதில் ஏற்றிவிடுகின்றன. நல்ல வேளையாக அது வலது கையிலும் இடது கையிலும் ஏறத்தாழ ஒரே அளவில் ஏறுகிறது. ஆகையால் பெருக்கி இரண்டு இடங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே பெருக்கும். பொதுவாக இருப்பதைத் தள்ளிவிடும். போதாக்குறைக்கு, அந்தப் பொது அழுத்தத்தையே தலைகீழாக்கி, தீங்கு செய்யாத மிகச் சிறிய அளவில் வலது காலின் வழியே திருப்பி அனுப்பி அதை அமுக்கிவிடுகிறார்கள். "இருதயம் இடது பக்கம் இருக்க, வலது காலில் எதற்குக் கவ்வி?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

இரண்டாவது எதிரி தோலில் ஒட்டும் மின்முனையே. உலோகமும் உப்புள்ள பசையும் சந்திக்குமிடத்தில் ஒரு குட்டி பேட்டரி தானாக உண்டாகிவிடுகிறது. அது 300 மில்லி வோல்ட் வரை போகலாம் என்று கொண்டே கருவிகளை அமைக்க வேண்டும். தேடி வந்த குரல் 1 மில்லி வோல்ட். வாசலில் உட்கார்ந்திருப்பது 300. இரண்டையும் சேர்த்து ஆயிரம் மடங்கு பெருக்கினால் 300 வோல்ட் ஆக வேண்டும். மூன்று வோல்ட் செல்லில் ஓடும் பெருக்கி அங்கேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஆகவே நுழைவாயிலில் ஒரு மின்தேக்கியை வைக்கிறார்கள். மாறாத அழுத்தத்தை அது தடுத்துவிடும். துடிப்பை மட்டும் உள்ளே விடும்.

மூன்றாவது எதிரிதான் உண்மையான எதிரி. முன் இருவரையும் யுக்தியால் வெல்லலாம். இவனை வெல்ல முடியாது, பேரம்தான் பேசலாம். இவன் பெயர் இரைச்சல்.

தகரக் கொட்டகையின் மேல் மழை பெய்யும்போது சடசடவென்று சத்தம் எழுகிறதே, ஏன்? நீர் தொடர்ச்சியான தாரையாக வராமல் துளித்துளியாக விழுவதால்தான். மின்னோட்டமும் அப்படியே. அது எலெக்ட்ரான் என்னும் துளிகளால் ஆனது. ஒரு கணத்தில் சராசரி 100 துளிகள் விழும் இடத்தில், கணத்துக்குக் கணம் ஏறக்குறைய 10 துளி கூடவோ குறையவோ இருக்கும். அது நூற்றுக்குப் பத்து. சராசரி 10,000 துளிகள் என்றால் ஏற்றத்தாழ்வு சுமார் 100. அது நூற்றுக்கு ஒன்றுதான். துளிகள் பெருகப் பெருக நடுக்கம் மறைந்து ஓட்டம் சீராகிறது. தாராளமாக மின்னோட்டம் பாயும் பெருக்கி அமைதியாக இருக்கும்; சிக்கனமாகப் பாயும் பெருக்கி சடசடக்கும். இரைச்சலைப் பாதியாக்க வேண்டுமா? மின்னோட்டத்தை நாலு மடங்காக்க வேண்டும். பத்தில் ஒரு பங்காக்க வேண்டுமா? நூறு மடங்கு. இது எந்தக் கம்பெனியின் விலைப்பட்டியலும் அன்று, இயற்கை விதி. எந்த வால்வும் எந்த டிரான்சிஸ்டரும் இதற்கு விலக்கல்ல.

இதோடு, மின்முனையும் தேகமும்கூடத் தம் பங்குக்கு இரைகின்றன. உஷ்ணமுள்ள எந்த மின்தடையும் சும்மா இருக்கும்போதே நடுங்கும் என்று ஜான்ஸனும் நைக்விஸ்டும் 1928-இல் நிரூபித்தார்கள். நம் உடல் உஷ்ணத்தில் 10,000 ஓம் தடையை, விநாடிக்கு 10,000 அதிர்வு வரையில் கேட்டால், அது மட்டுமே சுமார் 1.3 மைக்ரோ வோல்ட் இரைகிறது. பெருக்கியை இதற்கு மிகக் கீழே அமைதியாக்குவதில் லாபம் ஒன்றும் இல்லை. சந்தைக்கடை நடுவில் நின்று ரகசியம் கேட்பவன் காதை எவ்வளவு துடைத்துக்கொண்டால் என்ன?

ஒரே நீர், இரண்டு வயல்

பேரத்தில் கெட்டிக்காரர் யார் என்று தீர்மானிக்க ஓர் அளவுகோல் வேண்டும் அல்லவா? பெல்ஜியத்தில் லூவன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸ்டெயார்ட், ஸான்ஸன் முதலியோர் 1987-இல் அதைக் கொடுத்தார்கள். அப்பழுக்கற்ற ஒற்றை டிரான்சிஸ்டர் ஒன்று இதே மின்னோட்டத்தைக் குடித்தால் எவ்வளவு இரைச்சல் இருக்குமோ, அதைப்போல் நம் பெருக்கியில் எத்தனை மடங்கு இருக்கிறது என்பதே கேள்வி. ஒன்று என்பது அந்த ஒற்றை டிரான்சிஸ்டர். வித்தியாசத்தைப் பெருக்க டிரான்சிஸ்டர்கள் ஜோடியாக இருக்க வேண்டுமாதலால், சாதாரண அமைப்பில் எவ்வளவு திறமை காட்டினாலும் எண் 2-க்குச் சற்று மேலேயே நின்றுவிடும்.

2003-இல் அமெரிக்காவின் யூட்டா சர்வகலாசாலையில் ஹாரிஸன், சார்லஸ் என்ற இருவர் வெளியிட்ட பெருக்கி இத்துறையில் பாடபுத்தகம் போல் ஆகிவிட்டது. அதன் அழகு எளிமையில் இருக்கிறது. நுழைவாயிலிலுள்ள டிரான்சிஸ்டர்களைத் திறந்தும் திறவாத நிலையில் வைத்தார்கள். குழாயைச் சொட்டும்படி மட்டும் திறந்து வைப்பது போல. அந்த நிலையில்தான் கொடுக்கும் மின்னோட்டத்துக்கு அதிகபட்சப் பலன் கிடைக்கிறது. உதவிக்கு இருக்கும் மற்ற டிரான்சிஸ்டர்களை வேண்டுமென்றே மந்தமாக வைத்தார்கள். மந்தமானவன் இரைந்தால் சபையில் எடுபடாது! நுழைவாயில் மின்தேக்கிக்குத் துணையாக ஒரு லட்சம் கோடி ஓமுக்கு மேற்பட்ட தடை தேவைப்பட்டது. அத்தனை பெரிய தடையைச் சில்லின் மேல் வரைந்தால் இடம் கொள்ளாது. அவர்கள் டிரான்சிஸ்டர்களையே சாமர்த்தியமாக இணைத்து அந்தத் தடையைப் போல் நடிக்க வைத்துவிட்டார்கள்.

பலன் என்ன? இரைச்சல் 2.2 மைக்ரோ வோல்ட். செலவு 80 மைக்ரோ வாட். அளவுகோலில் எண் 4. இப்படி ஆயிரம் பெருக்கிகளை ஒருங்கே வைத்தால் 80 மில்லி வாட்! தசையைக் கொல்லக்கூடும் என்று மேலே சொன்ன எண்ணை நினைவில் வைத்திருப்பவர்கள் இங்கே சற்று நிற்பார்கள். ஒன்றிரண்டு பெருக்கிக்குத் துச்சமான செலவு, ஆயிரத்துக்கு ஆபத்தாகிவிடுகிறது.

ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு பெருக்கியும் உண்டு. மூளையின் அலைகளை மட்டும் கேட்பதற்காக, விநாடிக்கு 30 அதிர்வுக்கு மேல் எதையும் கேட்காதபடி அமைத்தது. அதன் செலவு 0.9 மைக்ரோ வாட்! நரம்பின் தனித் துடிப்பைக் கேட்க விநாடிக்கு ஏழாயிரம் அதிர்வு வரை காதைத் திறந்து வைக்க வேண்டும். திறந்த வாசல் பெரிதானால் இரைச்சலும் அதிகம் நுழையும். அதை அடக்க மின்னோட்டம் வேண்டும். எதைக் கேட்க வேண்டுமோ அதற்கு மட்டுமே காதைத் திறப்பவர் பணக்காரர் ஆகிறார்.

பிறகு வந்தவர்கள் வேறொரு யுக்தியைப் பெரிதும் கையாண்டார்கள். மேட்டு வயலில் பாய்ந்த நீர் வடிந்து பள்ளத்து வயலுக்கும் பாய்வதை நாம் அறிவோம். இரண்டு வயலுக்கும் தனித்தனியே மடை திறப்பதில்லை. அதுபோல ஒரு டிரான்சிஸ்டரில் பாய்ந்த மின்னோட்டத்தையே அதன் கீழுள்ள எதிர் இனத்து டிரான்சிஸ்டரிலும் பாயவிட்டு, இரண்டையும் பெருக்கும் வேலைக்கு ஏவினார்கள். மின்னோட்டத்தை இரட்டித்தால் கிடைக்கும் பலன் கூடுதல் செலவில்லாமல் கிடைத்துவிடுகிறது. இயற்கை விதி மீறப்படவில்லை. துளிகள் இருமுறை உழைத்தன, அவ்வளவே. இதிலும் ஒரு குறை உண்டு. செல்லின் அழுத்தம் சற்றே ஆடினாலும் இந்த அமைப்பு அதையும் சேர்த்துப் பெருக்கக் கூடியது.

மெதுவான அலைகளுக்கு மற்றொரு தொல்லை: டிரான்சிஸ்டரின் இரைச்சல் தாழ்ந்த அதிர்வுகளில் மிக அதிகம். டெனிஸன் முதலியோர் 2007-இல் வெளியிட்ட பெருக்கி, வரும் சமிக்ஞையை நுழைவாயிலிலேயே விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை தலைகீழாகப் புரட்டி, இரைச்சல் குறைந்த உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பெருக்கி, வெளியேறும்போது மறுபடி புரட்டிப் பழைய உருவில் தந்தது. இரண்டே மைக்ரோ வாட்டில்!

என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். இரைச்சல் எண்ணைக் குறைப்பதிலேயே போட்டியிட்டு, மற்ற இரண்டு எதிரிகளை மறந்துவிடும் வடிவமைப்பு ஆராய்ச்சிசாலை மேஜையில் பரிசு வாங்கும். வியர்த்த மார்பில் தோற்றுப்போகும். சித்திரை மாதத்து வெயிலில், பசை காய்ந்த பட்டையோடு, தலைக்கு மேல் மின்விசிறி சுழலும் அறையில் அது எப்படி வேலை செய்கிறது என்றுதான் நான் கேட்பேன். 300 மில்லி வோல்ட்டைத் தாங்காத பெருக்கியின் அமைதி யாருக்கு உபயோகம்?

பெருக்கியை எவ்வளவு சிக்கனமாக்கினாலும், கேட்டதை ரேடியோ மூலம் வெளியே அனுப்பும் பகுதி பல கருவிகளில் அதைவிட அதிகமாகத் தின்றுவிடுகிறது என்பதும் உண்மை. ஆகையால் உள்ளேயே அலசிப் பார்த்து, சந்தேகத்துக்குரிய துடிப்புகளை மட்டும் அனுப்பும் முறையும் வளர்ந்திருக்கிறது.

பள்ளி மாணாக்கர்களும் இத்துறையைத் தொட்டுப் பார்க்கலாம். ஏ.டி. 8232 என்ற இருதயப் பெருக்கிச் சில்லு பலகையில் பொருத்தியபடி மின்னணுக் கடைகளில் கிடைக்கிறது. அது குடிப்பது 170 மைக்ரோ ஆம்பியர். மேற்சொன்ன நாணயச் செல்லில், சில்லை மட்டும் கணக்கிட்டால், சுமார் 55 நாள் ஓடும். ஆனால் தந்தை தாயாரும் ஆசிரியர்களும் ஒன்றைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். அது பரிசோதனைக்கேயன்றி வைத்தியத்துக்கு ஆகாது. அதைச் செல்லிலேயே ஓட்ட வேண்டும். கணினியோடு இணைத்தால், கணினியின் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டே இணைக்க வேண்டும். இருதயத்தில் நேரே படும் வைத்தியக் கருவிகளுக்கே, சாதாரண நிலையில் கசியும் மின்னோட்டம் 10 மைக்ரோ ஆம்பியருக்கு மேற்படக் கூடாது என்று விதித்திருக்கிறார்கள். தோலின் மேல் ஒட்டும் பட்டைக்கு அவ்வளவு கடுமை இல்லாவிட்டாலும், பழுதான சார்ஜர் ஒன்று சுவரின் 230 வோல்ட்டை எந்த வழியாக அனுப்பும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நாணயச் செல்லிலிருந்து அப்படி ஒரு வழியே கிடையாது.